பாட்டியும் சேர்ந்து ஆடலாம்: குடும்பத்தோடு சிரிக்க வைக்கும் வீடியோ விளையாட்டுகள்

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில் சாப்பாடு முடிந்ததும் பல வீடுகள் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. பெரியவர்கள் வாசலில் நாற்காலி போட்டுப் பேசுவார்கள். பிள்ளைகள் அறைக்குள் ஆளுக்கொரு கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் கையில் இருப்பதும் பெரும்பாலும் வீடியோ விளையாட்டுதான். ஆனால் ஒரே கூடத்தில் நாலு பேர், எட்டுப் பேர் கூடி உட்கார்ந்து ஆடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு வகையும் உண்டு. அதை பார்ட்டி கேம் என்கிறார்கள்.

இந்த வகையை அடையாளம் காண்பது சுலபம். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம், ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும், தோற்றவருக்கு உடனே அடுத்த வாய்ப்பு கிடைக்கும். விளையாட்டுக்குள் நகைச்சுவைத் துணுக்குகள் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆடுகிறவர்கள் தடுமாறுவதும், ஒருவரையொருவர் ஏமாற்றுவதும், பொறுப்பை அடுத்தவர் தலையில் போடுவதும்தான் சிரிப்பு. பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டு பார்ப்பவருக்கும் அதில் பங்குண்டு.

எது நல்ல விளையாட்டு என்று சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் நிறைய உள்ளன. அவை பெரும்பாலும் கேட்காத ஒரு கேள்வி நம் வீடுகளில் முதலில் எழுகிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டியோ, எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதலாம் ஆண்டு மாணவனோ இதில் சேர முடியுமா? அதைப் பார்க்காமல் வாங்கினால் காசு கொடுத்து இன்னொரு பிரிவினையை வீட்டுக்குள் கொண்டுவந்த கதையாகிவிடும்.

மைக்ரோ ஜீனியஸ் காலம்

இன்று நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. 1990களில் மலேசியாவின் பல வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ‘மைக்ரோ ஜீனியஸ்’ பெட்டி இருந்தது. தைவானில் தயாரான அது, ஜப்பானின் நின்டெண்டோ ஃபேமிகாம் கருவியைப் போலச் செய்யப்பட்டது. பெட்டியோடு இரண்டு கன்ட்ரோலர்கள் வரும். அண்ணனும் தம்பியும் ஆடுவார்கள், அண்டை வீட்டுப் பிள்ளைகள் முறை வருமென்று காத்திருப்பார்கள். அப்போது கூட்டம் கூடியதற்கு ஒரு காரணம் பெட்டி ஒன்றுதான் இருந்தது என்பது. இன்று கைப்பேசி ஆளுக்கொன்று இருப்பதால் கூட்டத்தை நாமே கூட்ட வேண்டியிருக்கிறது.

கத்தினால்தான் சமையல் ஆகும்

குடும்பத்தில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் ‘ஓவர்குக்ட்’ என்று சொல்லலாம். இங்கிலாந்தில் கோஸ்ட் டவுன் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கி 2016இல் வெளிவந்தது. 2017இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த பிரிட்டிஷ் விளையாட்டு, சிறந்த குடும்ப விளையாட்டு ஆகிய இரண்டையும் பெற்றது. நான்கு பேர் வரை ஒரே திரையில் ஆடலாம்.

அனைவரும் ஒரே சமையலறையில் வேலை செய்கிறார்கள். திரையின் மேல் மூலையில் என்ன சமைக்க வேண்டும் என்பது படமாக வந்து நிற்கும். வெங்காய சூப் என்றால் ஒருவர் வெங்காயத்தை எடுக்க வேண்டும், ஒருவர் வெட்ட வேண்டும், சட்டியில் போட வேண்டும், வெந்ததும் தட்டில் ஊற்றிப் பரிமாற வேண்டும், திரும்பி வரும் அழுக்குத் தட்டைக் கழுவ வேண்டும். அடுப்பில் வைத்ததை மறந்தால் தீப்பிடிக்கும், தீயணைப்பானை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். இவ்வளவும் சில நிமிடங்களுக்குள்.

வேலை ஒவ்வொன்றும் எளிது. ஆனால் சமையலறை சும்மா இருக்காது. கப்பலில் இருக்கும் சமையலறையில் கப்பல் சாயும்போது மேசைகள் நகர்ந்து வழியை அடைக்கும். ஓடும் லாரிகளின் மேல் இருக்கும் சமையலறை நடுவில் பிரிந்துவிடும், வெட்டிய காய்கறி ஒரு லாரியிலும் அடுப்பு இன்னொன்றிலும் போய்விடும். பனிக்கட்டி மேல் வழுக்கிக் கடலில் விழ நேரும். இதனால் முதல் சுற்றில் போட்ட வேலைப் பங்கீடு அடுத்த சுற்றில் உதவாது. பேசிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் பேச்சு கத்தலாக மாறும்.

தமிழ்க் குடும்பத்தில் இது தனி வேடிக்கை. “பெரியப்பா, அந்தத் தட்டைக் கொஞ்சம் கழுவித் தர்றீங்களா?” என்று மரியாதையோடு தொடங்கும் பையன், அரை நிமிடம் மிச்சமிருக்கும்போது “பெரியப்பா! தட்டு! தட்டு!” என்று அலறுவான். வீட்டில் ஒரு நாளும் தட்டு கழுவாத பெரியப்பாவும் கழுவிக்கொண்டிருப்பார். அடுப்படியில் இத்தனை வருடம் தனியாக நின்ற பெரியம்மா ஓர் ஓரமாக உட்கார்ந்து, “முதல்ல அரிசியை வை, வேகறதுக்குள்ள மத்ததை வெட்டலாம்” என்று சொன்னால் அதுதான் அந்தக் குழுவுக்குத் தேவைப்பட்ட யோசனையாக இருக்கும். கன்ட்ரோலரே பிடிக்காமல் ஒருவர் தலைமை தாங்கக்கூடிய விளையாட்டு இது.

படிக்க வேண்டிய எழுத்து மிகக் குறைவு, சேர்மானங்கள் எல்லாம் படங்கள். முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்து 2020இல் வந்த ‘ஓவர்குக்ட் ஆல் யூ கேன் ஈட்’ பதிப்பில் நேரத்தைக் கூட்டிக்கொள்ளும் உதவி முறையும் உண்டு. வயதானவர்களும் சிறுவர்களும் இருந்தால் தயங்காமல் அதை இயக்கிவிடலாம். மூன்று நட்சத்திரம் வாங்கியே தீருவேன் என்று நிற்கும் ஒருவர் இருந்தால் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. அவரால்தான் வீட்டில் நிஜச் சண்டை வரும்.

எழுத்தே வேண்டாதவை

கார் பந்தயமான ‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ 2017இல் நின்டெண்டோ சுவிட்ச் கருவிக்கு வந்தது. ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற அது, அந்தக் கருவியில் மிக அதிகம் விற்ற விளையாட்டும்கூட. இதில் பாதையை விட்டு விழாமல் காரைத் தானே திருப்பிவிடும் வசதி உண்டு. முடுக்கியை அழுத்தாமலே கார் ஓடும்படியும் வைக்கலாம். இரண்டையும் இயக்கிவிட்டால் கன்ட்ரோலரை ஸ்டீயரிங் போலச் சாய்த்தாலே போதும், ஐந்து வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் பந்தயத்தை முடித்துவிடலாம்.

பின்தங்கியவரை விளையாட்டே கைதூக்கிவிடும் விதமும் கவனிக்கத்தக்கது. வழியில் கிடைக்கும் பெட்டிகளில் முன்னால் போகிறவருக்கு வாழைப்பழத் தோல் போன்ற சில்லறைப் பொருள் வரும், கடைசியில் வருபவருக்குப் பலமான ஆயுதம் வரும். முதலிடத்தில் இருப்பவரைத் தேடிப்போய் அடிக்கும் நீல ஓடு ஒன்றும் உண்டு. வருடம் முழுக்கப் பழகிய பேரனைக் கடைசிக் கோட்டருகே அது கவிழ்க்கும்போது கூடம் அதிரும்.

‘மாரியோ பார்ட்டி’ வரிசை 1998இல் தொடங்கியது. சுருக்கமாகச் சொன்னால் பரமபதம். தாயக்கட்டையை உருட்டிக் கட்டம் கட்டமாக நகர வேண்டும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சின்னப் போட்டி வரும். பாம்பு கடிப்பதற்குப் பதிலாக இங்கே அடுத்தவர் வந்து நட்சத்திரத்தைத் திருடிக்கொண்டு போவார். திறமையைவிட அதிர்ஷ்டம் அதிகம் பேசுவதால் கேம் பழகிய பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பெரியவர்களுக்கு அதனாலேயே பிடிக்கும். ஒரு பலகை முடிய ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம் என்பது குறை. விருந்தாளிகள் வந்து போய்க்கொண்டிருக்கும் நாளுக்கு இது சரிப்படாது.

தாத்தா பாட்டிக்காகவே ஒன்று சொல்ல வேண்டுமென்றால், 2017இல் வந்த ‘1-2-சுவிட்ச்’ தொகுப்பில் பால் கறக்கும் போட்டி இருக்கிறது. இருவர் எதிரெதிரே நின்று, கன்ட்ரோலரை மாட்டின் காம்பு போலப் பிடித்து, மேலிருந்து கீழே அழுத்தி இழுக்க வேண்டும். திரையைப் பார்க்கக்கூடாது, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். யார் அதிகக் குவளை நிரப்புகிறாரோ அவர் வென்றார். லயத்து வீட்டுக்குப் பின்னால் மாடு வளர்த்துப் பால் ஊற்றிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது, பல்கலைக்கழகம் போகும் பேத்திக்குத்தான் தேவைப்படும். ஆனால் இந்தத் தொகுப்பில் உள்ள பல போட்டிகள் இரண்டு முறை ஆடினால் சலித்துவிடும். முழு விலை கொடுப்பதைவிடப் பயன்படுத்திய பிரதி கிடைத்தால் வாங்கலாம்.

2022இல் வந்த ‘நின்டெண்டோ சுவிட்ச் ஸ்போர்ட்ஸ்’ பூப்பந்து, பந்துருட்டுதல் ஆகியவற்றைக் கையசைவாலேயே ஆட வைக்கிறது. கையை வீசும் விளையாட்டுகளில் மணிக்கட்டுக் கயிற்றைக் கட்டாமல் ஆட விடக்கூடாது. 2006இல் வீ கருவி வந்த புதிதில் கயிறு அறுந்து கன்ட்ரோலர் பறந்த புகார்கள் வந்து, நின்டெண்டோ முப்பத்திரண்டு லட்சம் கயிறுகளை மாற்றித் தர முன்வந்தது. நம் கூடங்களில் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே சாமி மாடமும் இருக்கும்.

பல்லாங்குழி பழகிய கைகளுக்கு ‘கிளப்ஹவுஸ் கேம்ஸ்’ பொருந்தும். 2020இல் வந்த இதில் 51 பழைய விளையாட்டுகள் உள்ளன. பல்லாங்குழிக்கும் மலாய்க்காரர்களின் சொங்காக்குக்கும் உறவான மன்காலா, லூடோ, கேரம் எல்லாம் அதில் அடக்கம்.

ஆங்கிலம் என்ற வேலி

சொல்லை வைத்துச் சிரிக்க வைக்கும் விளையாட்டுகளில்தான் பாட்டி வெளியே நிற்கிறார். இவ்வகையில் முன்னோடி, அமெரிக்காவின் சிகாகோவில் உள்ள நிறுவனம் தயாரிக்கும் ‘ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக்’. முதல் தொகுப்பு 2014இல் வந்தது. கன்ட்ரோலரே வேண்டாம், ஒருவர் வாங்கித் தொலைக்காட்சியில் ஓட்டினால் போதும். மற்றவர்கள் தங்கள் கைப்பேசி உலாவியில் நான்கெழுத்துக் குறியீட்டைத் தட்டிச் சேர்ந்துவிடுவார்கள். பொதுவாக எட்டுப் பேர் வரை ஆடலாம், அதற்கு மேல் வருபவர்கள் பார்வையாளராக இணைந்து வாக்களிக்கலாம். திறந்த இல்லத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை.

சிக்கல் கேள்விகளில். அவை ஆங்கிலத்தில், அதுவும் அமெரிக்க வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், இத்தாலிய மொழிகளுக்குப் பிறகு சில பதிப்புகள் வந்தன. தமிழ் இல்லை, மலாயும் இல்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. மூன்றாம் தொகுப்பிலுள்ள ‘குவிப்லாஷ் 2’, தனியாகக் கிடைக்கும் ‘டிராஃபுல் 2’ இரண்டிலும் கேள்விகளை நாமே எழுதி வைத்துக்கொள்ளலாம். குவிப்லாஷில் ஒரே கேள்வி இரண்டு பேருக்குப் போகும், இருவரும் வேடிக்கையாகப் பதில் எழுத வேண்டும், மற்றவர்கள் எது நன்று என்று வாக்களிப்பார்கள். “பாட்டி கைப்பைக்குள் இருபது வருடமாக இருப்பது என்ன?”, “சித்தப்பா டூரியான் வாங்கப் போய் என்ன வாங்கி வந்தார்?” என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைத்தால், விளையாட்டு நம் வீட்டு விளையாட்டாகிவிடும். பதிலையும் அப்படியே எழுதலாம். சிலேடைக்கு நல்ல களம். காளமேகப் புலவர் இருந்திருந்தால் மற்றவர்களுக்கு வாக்கே விழுந்திருக்காது. படிக்க முடியாதவருக்கு ஒருவர் உரக்கப் படித்துச் சொல்ல, அவர் வாய்மொழியாகச் சொல்வதைப் பேரன் தட்டிவிடலாம். இந்த முன்னேற்பாட்டுக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

காசு செலவில்லாமல் இதே சிரிப்பு வேண்டுமானால் ‘கார்டிக் ஃபோன்’ இருக்கிறது. உலாவியில் இலவசம். காதில் ரகசியம் சொல்லி வட்டமாகக் கடத்தும் பழைய விளையாட்டுதான், வரைபடத்தோடு வருகிறது. ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் எழுதுவார்கள், அது அடுத்தவருக்குப் போய்ப் படமாகும், அந்தப் படம் அதற்கடுத்தவருக்குப் போய் மறுபடி வாக்கியமாகும். “முருகன் மயிலில் பத்துமலை வருகிறார்” என்று தொடங்கியது, “மாமா கோழி மேல் உட்கார்ந்து படியேறுகிறார்” என்று முடியும். வாக்கியங்கள் எல்லாம் நம்முடையவை என்பதால் முழுக்கத் தமிழிலேயே ஆடலாம்.

இதுவும் இலவசமான ‘ஸ்கிரிபிள்’ தளத்தில் ஒருவர் வரைய மற்றவர்கள் சொல்லைத் தட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். சொந்தச் சொற்பட்டியல் கொடுக்கும் வசதி உண்டு. ஆங்கில எழுத்தில் கொடுத்தால் ஒரு தொல்லை வரும். தோசைக்கு எத்தனை வீடு உண்டோ அத்தனை எழுத்துக்கூட்டல். பட்டியலில் இருப்பதைப்போலவே தட்டாவிட்டால் புள்ளி கிடைக்காது. எப்படி எழுதுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. தமிழ் விசைப்பலகை எல்லார் கைப்பேசியிலும் இருந்தால் இந்த வழக்கே வராது.

‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்புளோட்ஸ்’ மொழியை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. கனடாவில் உருவாகி 2015இல் வந்தது. ஒருவர் மட்டும் திரையில் வெடிகுண்டைப் பார்ப்பார். மற்றவர்களிடம் 23 பக்கக் கையேடு இருக்கும், இணையத்தில் இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். குண்டைப் பார்ப்பவர் கையேட்டைப் பார்க்கக்கூடாது, கையேடு வைத்திருப்பவர் திரையைப் பார்க்கக்கூடாது. “எத்தனை வயர்? கடைசி வயர் என்ன நிறம்?” என்று கேட்டுக் கேட்டுச் செயலிழக்கச் செய்ய வேண்டும். கையேட்டை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லும் ஒருவர் இருந்தால் வீட்டில் அனைவரும் ஆடலாம். ஒரே ஒலியுள்ள ஆங்கிலச் சொற்களை வைத்துக் குழப்பும் ஒரு பகுதி மட்டும் தமிழில் எடுபடாது.

திருடன் போலீஸ்

துண்டுச் சீட்டில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதிக் குலுக்கிப் போட்டு ஆடியவர்களுக்கு ‘அமங் அஸ்’ உடனே புரியும். 2018இல் வெளிவந்து, 2020இல் நோய்ப் பரவலால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலத்தில் உலகெங்கும் பரவியது. விண்கலத்தில் வேலை செய்யும் குழுவுக்குள் வேடதாரி ஒளிந்திருப்பார். யார் என்று கூடிப் பேசி வாக்களித்து வெளியேற்ற வேண்டும். கைப்பேசியில் இலவசம். ஒரே வைஃபையில் இணைந்த கைப்பேசிகளுக்குள்ளேயே ஆடும் முறையும் உண்டு. எல்லாரும் ஒரே கூடத்தில் இருந்தால் தட்டச்சு அரட்டை தேவையில்லை, வாய்ச்சண்டையே போதும். குடும்பத்தில் யார் எவ்வளவு நன்றாகப் பொய் சொல்வார் என்பது தெரிய வரும். அமைதியான அத்தை பெரும்பாலும் மாட்டவே மாட்டார். வேடதாரி ஆட்களைக் கொல்வது கார்ட்டூன் படமாகத்தான் வரும் என்றாலும், சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோர் ஒருமுறை பார்த்துவிட்டு அனுமதிப்பது நல்லது.

உள்ளூர்த் தயாரிப்பு ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. மலேசிய நிறுவனமான பேஷன் ரிபப்ளிக் கேம்ஸ் 2022இல் வெளியிட்ட ‘கிகாபேஷ்’ நான்கு பேர் ராட்சத மிருகங்களாக மாறி நகரத்தையே துவம்சம் செய்யும் விளையாட்டு. பிறகு காட்ஸில்லாவும் அதில் சேர்க்கப்பட்டது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெரியவர்களுக்குக் கண் கட்டிவிட்டதுபோல் இருக்கலாம்.

வாங்கும் முன்

கருவியே இல்லாத வீடு முதலில் இருப்பதைக் கொண்டு தொடங்கலாம். பிள்ளையின் மடிக்கணினி, அதைத் தொலைக்காட்சியோடு இணைக்க ஓர் எச்டிஎம்ஐ கம்பி, ஆளுக்கொரு கைப்பேசி. ஜாக்பாக்ஸுக்கும் கார்டிக் ஃபோனுக்கும் இவ்வளவே போதும். இரண்டு யுஎஸ்பி கன்ட்ரோலர் சேர்த்தால் ஓவர்குக்டும் ஆடலாம். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் விலை ரிங்கிட்டிலும் சிங்கப்பூர் வெள்ளியிலும் வருகிறது. ஆண்டுக்குச் சில முறை பெரிய தள்ளுபடி விற்பனையும் நடக்கும். அவசரமில்லாதவர்கள் அதுவரை காத்திருக்கலாம்.

சுவிட்ச் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைவு என்று ‘சுவிட்ச் லைட்’ வாங்கினால் அதைத் தொலைக்காட்சியில் இணைக்க முடியாது, கன்ட்ரோலரும் கழலாது. தனியாக ஆடுவதற்கான கருவி அது. சாதாரண சுவிட்சில் வரும் ஒரு ஜோடி கன்ட்ரோலரைப் பிரித்தால் பல விளையாட்டுகளில் இரண்டு பேர் ஆடலாம். நான்கு பேர் என்றால் இன்னொரு ஜோடி வாங்க வேண்டும், அதன் விலையையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இணையத் தொடர்பு பலவீனமான தோட்டப்புற வீடுகளில் ஜாக்பாக்ஸ் நடுவில் நின்றுவிடும். அதில் ஒவ்வொரு கைப்பேசியும் இணையம் வழியாகத்தான் பேசுகிறது. ஓவர்குக்ட், மாரியோ கார்ட் போன்றவற்றை ஒருமுறை நிறுவிவிட்டால் வீட்டுக்குள் ஆட இணையம் வேண்டாம். உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோகும் முன்னர் எல்லாவற்றையும் புதுப்பித்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. விருந்து நாளில் எல்லாரும் காத்திருக்க, திரையில் பதிவிறக்கக் கோடு நகர்ந்துகொண்டிருந்தால் கூட்டம் கலைந்துவிடும்.

இலவச விளையாட்டுகள் உடை, தொப்பி என்று விற்றுத்தான் சம்பாதிக்கின்றன. பிள்ளைகள் ஆடும் கைப்பேசியில் வங்கி அட்டை இணைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றி வையுங்கள்.

ஜொகூர் பாருவில் ஒரு பாதி, சிங்கப்பூரில் மறுபாதி என்று வாழும் குடும்பங்கள் ஸ்டீமின் ‘ரிமோட் பிளே டுகெதர்’ வசதியைப் பயன்படுத்தலாம். 2019இல் வந்த இதில், ஒரு வீட்டில் விளையாட்டு இருந்தால் போதும், மறுவீட்டில் இருப்பவர் இணையம் வழியே அதே திரையில் சேர்ந்துகொள்ளலாம். தொடர்பு சற்றுத் தாமதித்தால் ஓவர்குக்ட் போன்ற வேக விளையாட்டில் கை பிந்தும். அப்போது கார்டிக் ஃபோனுக்கு மாறி, வாட்ஸ்அப் காணொளி அழைப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமா வரைந்த கோழியைப் பார்த்து இந்தப் பக்கம் சிரிக்கலாம்.